முதல் இடம்

பயனற்றவை என்று நாம் ஒதுக்கி வைக்கும் பொருள்களுக்கும் ஒருநாள் அழைப்பு வரும். என் அறை அலமாரியில் 2007ஆம் ஆண்டின் மடிக்கணினி ஒன்று கிடந்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுழலும், பின்னர், தொடக்கக் கோப்பு காணப்படவில்லை என்ற ஒற்றை வரியோடு திரை இருண்டு நின்றுவிடும்.

இவ்வாண்டுத் தவக்காலத்தின் தொடக்கத்தில், மறைந்த எங்கள் உபதேசியாரின் மனைவி வந்தார். "சாமி, அவரு வியாகுலப் பிரசங்கம் வாசிச்சதப் பதிவு பண்ணுனீங்களே. ஒரு தடவ கேக்கணும்போல இருக்கு" என்றார். 2009இல் பதிந்த குரல் அது. 2017இல் அவரை அடக்கம் செய்த நாளன்றே பிரதி எடுத்துத் தருவதாக வாக்களித்திருந்தேன். தரவில்லை. குரலோ அந்தக் கணினியில் மட்டுமே இருந்தது.

பாடகர் குழுவில் பாலிடெக்னிக் பயிலும் தம்பி ஒருவர் வழி சொன்னார்: "ஃபாதர், ஹார்ட் டிஸ்க்கத் தொடவே வேண்டாம். மெமரி கார்டுல லினக்ஸ் போட்டு, அதுலருந்து கணினிய எழுப்பலாம்." 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய மென்பொருள் அது. பழைய 32 பிட் கணினிகளுக்கு ஏற்ற சிறிய வகைகளும் அதில் உண்டு. அட்டையிலிருந்தே இயங்கும், நாம் கட்டளையிடாதவரை உள்ளிருக்கும் வட்டில் எதையும் எழுதாது.

கோப்பைப் பதிவிறக்கி, அட்டையில் நகலெடுத்து, கணினியின் பக்கவாட்டுத் துளையில் செருகினேன். அசைவில்லை. பல பழைய மடிக்கணினிகளில் அத்துளை, இயங்குதளம் விழித்த பிறகே உயிர்பெறும். விழிக்கும் வேளையில் கணினிக்கு அது தெரியாது. ஆகவே அட்டையை ஒரு சிறிய யூஎஸ்பி ரீடரில் பொருத்தி, பயாஸ் அமைப்பில் யூஎஸ்பியை வரிசையின் முதலில் வைத்தேன். அப்போதும் அசைவில்லை.

பிழை என்னிடமே இருந்தது. விழித்தெழும் கணினி அட்டை முழுவதையும் தேடுவதில்லை. அதன் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளை மட்டுமே முதலில் படிக்கிறது. அங்குள்ள சிறு நிரல் அடுத்ததை அழைக்கும். அது அதனினும் பெரியதை அழைக்கும். நானோ கோப்பை முத்திரையிட்ட பொட்டலம்போல் அட்டைக்குள் வைத்திருந்தேன். தேவையான அனைத்தும் உள்ளே இருந்தன. முதல் இடத்தில் இருக்க வேண்டியது மட்டும் அங்கே இல்லை. நகலெடுத்தல் போதாது, அதற்கென உள்ள மென்பொருளால் முதல் பைட்டிலிருந்தே எழுத வேண்டும். எழுதும்போது அட்டையில் முன்பிருந்தவை அழியும். அதிலிருந்த திருவிழாப் படங்களை வேறிடம் மாற்றிவிட்டு, அவ்வாறே எழுதினேன்.

அன்பு வாசகர்களே, அந்த இரவு என்னை நானே கேட்டுக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளாக என் நாள்களிலும் எல்லாம் இருந்தன: கணக்கு, கட்டடப் பணி, கூட்டம், கடிதம். ஒரு விதவைக்குக் கொடுத்த வாக்கும் அவற்றினூடே எங்கோ இருந்தது. முதல் இடத்தில் இல்லாததால் அது ஒருபோதும் விழிக்கவில்லை.

கணினியைத் தொடக்குவதை ஆங்கிலத்தில் 'பூட்' என்கிறார்கள். தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற வழக்கிலிருந்து பிறந்த சொல் அது. உண்மையில் எந்தக் கணினியும் அப்படி எழுவதில்லை. சில்லுக்குள் யாரோ முன்னரே எழுதி வைத்த சிறு நிரல்தான் அதை எழுப்புகிறது. என்னை எழுப்பியது அந்த அம்மாளின் பணிவான வேண்டுகோள்.

மீண்டும் பொத்தானை அழுத்தினேன். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின, திரை மலர்ந்தது. வட்டைப் படிப்பதற்கு மட்டும் திறந்தேன். கோப்பு பழுதின்றி இருந்தது. இரண்டு பிரதிகள் எடுத்தேன்.

மறுநாள் மாலை அந்த அம்மாள் முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து கேட்டார். இராகமிட்டு ஏறிய குரல், நடுவில் ஓரிடத்தில் இருமலால் தடைப்பட்டது. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இருமல் அன்னிக்கே இருந்திருக்கு சாமி. நாங்கதான் கவனிக்கல."