நந்திக்கடலோரத்து விடுதி

நிலம் தானாக எதனையும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனை உடைமையாக வைத்திருப்பவர் எதைப் பேண விரும்புகின்றாரோ அதையே அது பேணும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் கண்டி வீதியில் இவ்வுண்மையை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். 1997இல் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை முதல் 2009 வரை இவ்வீதிக்காக ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இன்று அதன் மருங்கில் வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் பல்பொருள் அங்காடிகளும் எழுந்துள்ளன. நாம் கற்பிக்கும் மாணவர்களோ போர் முடிவுற்ற காலத்தை அண்டியும் அதன் பின்னரும் பிறந்தவர்கள். “இந்த இடத்தில் என்ன நடந்தது, சேர்?” என்று அவர்கள் கேட்கும்போது விளம்பரப் பலகைகள் விடை சொல்வதில்லை, நாமே சொல்ல வேண்டியுள்ளது.

கடைகள் வரலாகாதென்பது நம் கட்சியன்று. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் ஒளியில் எழுத்துக் கற்ற தலைமுறையினர் நாம். ஒரு மின்குமிழின் அருமை நமக்குத் தெரியும். பார்வையாளர் வந்து கண்ணீர் வடிப்பதற்காக மக்கள் இடிபாடுகளுக்கிடையே வாழ வேண்டியதில்லை. ஆயின், எவருடைய நிலத்தில், எவருடைய நன்மைக்காக இவை எழுகின்றன என்பதே நமது வினா. போருக்குப் பின் வீடு தேடி வந்த நுண்கடன் பல பெண்களை மீளாக் கடனாளிகளாக்கிற்று. வரட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர நேர்ந்தமை, அத்தகைய ‘அபிவிருத்தி’யின் தன்மைக்குச் சான்றாகும்.

முல்லைத்தீவில், நந்திக்கடலோரத்தில், இராணுவம் அமைத்த உல்லாச விடுதி 2012இல் திறக்கப்பட்டது. 2009 மே மாதத்தில் பல்லாயிரம் மக்கள் அந்நீரேரியைக் கடந்தே உயிர் தப்பினர். இறுதி மாதங்களில் மாண்ட பொதுமக்களின் தொகை 40,000 வரை இருக்கலாமென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கூறிற்று; அரசாங்கம் அவ்வறிக்கையை நிராகரித்தது. அதே நீரேரிக்கு அண்மையில், கேப்பாப்புலவைச் சேர்ந்த பிலவுக்குடியிருப்பு மக்கள், விமானப்படை வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு 2017 ஜனவரி இறுதியிலிருந்து இரவுபகலாக வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர். ஒரு மாதப் போராட்டத்தின் பின்னரே, மார்ச் 1ஆம் திகதி, அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. உல்லாசப் பயணிக்குக் கட்டிலும், காணிக்காரருக்கு வீதியும்! இந்த முரண்பாட்டையே நாம் சுட்டுகின்றோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் களமொன்று இவ்விடயத்தில் நமக்குப் பாடமாகலாம். டென்னசி மாநிலத்துப் பிராங்கிளின் நகரில் 1864 நவம்பர் 30ஆம் திகதி நடந்த சண்டையில், தென்மாநிலப் படையின் சேதம் மட்டும் 6,000ஐத் தாண்டியது. அப்படையின் தளபதிகள் அறுவர் பலியாயினர். அவர்களுள் ஒருவரான கிளிபர்ன் வீழ்ந்த இடத்தருகே பிற்காலத்தில் ஒரு பிட்சாக் கடை எழுந்தது. 2005இல் அக்கடை இடிக்கப்பட்டு நிலம் பூங்காவாக்கப்பட்டது. கோல்ப் மைதானமாயிருந்த ஏறத்தாழ 110 ஏக்கர் நிலமும் விலைக்கு வாங்கி மீட்கப்பட்டது. வணிகத்தின் பிடியிலிருந்து நிலத்தை மீட்க முடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. எனினும் அங்கு முதலில் நினைவுகூரப்பட்டோர், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதிகளே. அந்நகரின் அடிமைச் சந்தையைக் கூறும் பலகை 2019இலும், விடுதலைக்காகப் போரிட்ட கறுப்பினப் போர்வீரரின் சிலை 2021இலுமே நகர மத்தியில் நிறுவப்பட்டன. ஆகவே கடையை அகற்றிவிட்டால் மட்டும் போதாது. அவ்விடத்தில் எவரை நினைக்கின்றோம் என்பதும் முக்கியமாகும்.

இக்கேள்வி நம்மையும் நோக்கியதே. 1977இன் இனக்கலவரத்தால் விரட்டப்பட்டு வன்னிக்கு வந்து, கூலிகளாய்க் காடு வெட்டிக் களனியாக்கிய மலையகத் தொழிலாளரின் பிள்ளைகள் இப்போரில் எத்தனை பேர் மடிந்தனர்? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு நம் நினைவில் இடமுண்டா? வறுமையாற் படையிற் சேர்ந்து ஆனையிறவிலே வீழ்ந்த சிங்களக் கிராமத்து இளைஞனுக்காக அழுத தாயை நாம் அறிவோமா? வெற்றிச் சின்னங்களும் இவர்களைச் சொல்வதில்லை. நமது வீரப்பேச்சுக்களும் சொல்வதில்லை.

மாணவன் கேட்கும்போது, குண்டு பொழிந்தோரையும், தப்பியோடிய மக்களைச் சுட்டோரையும் ஒருங்கே கூறும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். ஊர்தோறும் மாண்டோர் பெயர்களை மக்களே தொகுக்கவும், இழந்த காணிகளின் எல்லைகளை முதியோர் சொல்லக் கேட்டு இளைஞர் குறித்துவைக்கவும் நாம் உதவலாம். காணி அதன் சொந்தக்காரரிடம் திரும்பட்டும். அங்கே கடை எழ வேண்டுமா, கல்லெழ வேண்டுமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.