ஒரே சீட்டு, இரண்டு பதில்

தில்லி ஹவுஸ் காஸ் கிராமத்தில் குறுகிய படிகளேறினால் ஒரு மாடி அறை. வங்கி வேலையை விடலாமா என்று கேட்க வந்த பெண்ணுக்கு 78 சீட்டுகளில் விழுந்தது 13ஆம் சீட்டு: மரணம். அதுவும் தலைகீழாக.

“மனம் இன்னும் தயாராகவில்லை, இப்போது விடாதீர்கள்” என்றார் டாரட் பார்ப்பவர். இரண்டு தெரு தள்ளி இருப்பவர் தலைகீழ்க் கணக்குப் பார்ப்பதில்லை. அதே சீட்டைச் சொன்னதும், “பழையது முடிந்தது, விட்டுவிடுங்கள்” என்றார்.

இருவரிடமும் படங்கள் ஒன்றே: 1909இல் லண்டனில் வெளியான, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பொழுதுபோக்குச் சீட்டாட்டமாக இருந்தது, 18ஆம் நூற்றாண்டில்தான் குறி சொல்லப் பரவலாகப் பயன்பட்டது.

ராஜினாமாக் கடிதம் இன்னும் அந்தப் பெண்ணின் கைப்பையில்தான் இருக்கிறது.