கரிசல்காட்டில் ஒரு குட்டி ரயில்!

பாளையம்பட்டிக்கு வாங்க பாஸ்! கரிசல் மண், வேலிக்கருவை, மொட்டை வெயில். பக்கத்துலயே அருப்புக்கோட்டை ஸ்டேஷன். விருதுநகர் - மானாமதுரை பாதையில் 1960-களில் வந்தது மீட்டர் கேஜ். 2013-ல் அது அகலப் பாதை ஆச்சு. பழசைப் பார்க்கணும்னா, இனி வீட்டுக்குள்ள மாடல் ரயில்தான் ஓட்டணும்!

கணக்கு சிம்பிள். ஹெச்.ஓ. மாடல் என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதோட வழக்கமான தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம்ம 1,676 மி.மீ. அகலப் பாதையைச் சுருக்கினால் 19.3 வரும்; ஒட்டாது. 1,000 மி.மீ. மீட்டர் கேஜுக்கு 11.5. வெளிநாட்டு 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட கச்சிதம்!

ஆனா, புழுதிதான் வில்லன். எஞ்சின் 12 வோல்ட் கரண்ட்டைத் தண்டவாளத்துலேர்ந்து சக்கரம் வழியாத்தான் எடுக்குது. தூசி படிஞ்சா விக்கி விக்கி நிக்கும். உடனே மோட்டாரைக் கழட்டாதீங்க. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முதலில் தண்டவாளம், அப்புறம் சக்கரம். பெரும்பாலும் அதுலயே ஓடிரும்.

லே-அவுட் வரையணுமா? பழைய பாதையில வேலை பார்த்த பெரியவங்க கிடைச்சா, சிக்னல் எங்க, லூப் லைன் எங்கன்னு இப்பவே கேட்டுக்குங்க. தண்டவாளம் நாளைக்கும் வாங்கலாம். அவங்க ஞாபகத்தை எந்தக் கடையில வாங்குறது?