சிறு படகும் பெருங்கடலும்

பெரியது வலியது, சிறியது மெலியது என்று எண்ணுவது மக்கள் இயல்பு. கடலைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் முழுதும் பொருந்தாது. கொந்தளிக்கும் கடலில் பெருங்கப்பல் மூழ்கியதும் உண்டு; சிறு படகு கரை சேர்ந்ததும் உண்டு. படகு எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு செலுத்தப்படுகிறது என்னும் இரண்டுமே உயிர் காப்பன. இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக உணர்த்தியது ‘ஜேம்ஸ் கெயர்டு’ என்னும் படகின் வரலாறு. பலரும் அதனைத் துணிவின் கதையாகப் போற்றுவர். நான் அதனைப் படகு கற்பிக்கும் பாடமாகவும் படிக்கிறேன்.

எர்னஸ்டு ஷாக்கல்டன் என்பார் தென்முனைப் பெருநிலத்தைக் கடக்கக் கருதி ‘எண்டியூரன்ஸ்’ என்னும் கப்பலில் சென்றார். 1915 ஜனவரியில் அக்கப்பல் வெட்டல் கடலின் பனிக்கட்டிகளிடையே சிக்கியது. பல திங்கள் நெருக்குண்டு, நவம்பரில் மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் மிதக்கும் பனிப்பாளங்களின்மேல் வாழ்ந்து, பின்னர் மூன்று படகுகளில் ஏறி, 1916 ஏப்ரலில் எலிபண்டுத் தீவை அடைந்தனர். அஃது ஆளில்லாத தீவு. உதவி வேண்டுமாயின் ஏறத்தாழ 800 கடல் மைலுக்கு அப்பாலுள்ள தென் ஜார்ஜியாத் தீவிற்குச் செல்ல வேண்டும். இடையில் கிடப்பதோ உலகின் மிகக் கொடிய கடல்களுள் ஒன்று. காற்றைத் தடுக்க நிலமின்மையால் அங்கே அலைகள் குன்றுகளைப் போல் வளர்கின்றன.

அக்கடலைக் கடக்க அவர்கள் தேர்ந்த படகின் நீளம் 22½ அடியே. மேல்தளம் இல்லாத திறந்த படகு அது. தச்சர் மக்னிஷ் அதன் பக்கங்களை உயர்த்தினார். பெட்டி மூடிகளையும் சறுக்குவண்டிச் சட்டங்களையும் பரப்பி, அவற்றின்மேல் கித்தானைப் போர்த்தினார். குளிரில் விறைத்திருந்த கித்தானை அடுப்பில் காட்டி இளக்கிய பின்னரே தைக்க முடிந்தது. அழகற்ற அவ்வேலையே பின்னர் உயிர் காத்தது. சிறு படகுக்கு வெளியே உள்ள நீரைவிட உள்ளே புகும் நீரே பெரும்பகை. தேங்கிய நீர், படகு சாயும் பக்கமே தானும் ஓடி, அதனை மேலும் சாய்த்துவிடும் அன்றோ?

படகின் அடியில் ஏறத்தாழ ஒரு டன் கல்லை அடுக்கினர். பாரம் கீழே இருப்பின் சாய்ந்த படகு மீண்டும் நிமிரும். பாரம் மேலே ஏறின் கவிழும். ஏப்ரல் 24 அன்று ஷாக்கல்டனும் ஐவரும் புறப்பட்டனர். 22 பேர் கரையில் நின்று அவர்களை வழியனுப்பினர். படகு கவிழ்ந்தால் கரையில் நின்றோர்க்கும் பிழைக்கும் வழி அரிது.

சிறு படகு அலையோடு மோதுவதில்லை. அதன்மேல் ஏறி இறங்குகிறது. அலைகளின் இடைப்பள்ளத்தில் காற்றின்றிப் பாய் துவண்டது. முகட்டை அடைந்ததும் புயல் பாயைப் பற்றி இழுத்தது. அலைக்குப் பக்கத்தைக் காட்டின் படகு உருண்டுவிடும். ஆதலின் சுக்கான் பிடிப்பவர் ஒரு நொடியும் அயர்தல் கூடாது. மூவர் விழித்திருக்க மூவர் படுத்தனர். விழித்திருந்தோருள் ஒருவர் சுக்கானையும், ஒருவர் பாயையும் கவனித்தனர். மற்றவர் இடைவிடாது நீர் இறைத்தார். வழிகாட்டிய வொர்ஸ்லிக்குப் பயணம் முழுவதிலும் கதிரவனை அளக்க நான்கு முறையே வாய்த்தது.

காற்றும் குளிரும் மிகுந்த நாளில், பாயைச் சுருட்டிவிட்டு, கித்தானாலான கடல் நங்கூரத்தை முன்புறக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டனர். அது கடலின் அடியைப் பற்றுவதன்று. நீரில் இழுபட்டுப் படகின் முகத்தை அலையை நோக்கித் திருப்பி வைப்பது. அப்போது வேறொரு பகை வந்தது. தெறித்த நீர் படகின்மேல் உறைந்து பனிக்கட்டியாயிற்று. மேலே பாரம் ஏற ஏறப் படகு தளர்ந்து அமிழத் தொடங்கியது. உடனே ஒருவர்பின் ஒருவராக வழுக்கும் மேல்தளத்தில் தவழ்ந்து சென்று பனிக்கட்டியை வெட்டித் தள்ளினர். மிகுதியாக இருந்த துடுப்புகளையும், நனைந்து கனத்த இரண்டு படுக்கைப் பைகளையும் கடலில் எறிந்தனர். குளிரால் நடுங்குவோர்க்குப் படுக்கையும் பாரம் என்று தோன்றிய அந்நேரத்தை எண்ணுந்தோறும் என் உள்ளம் உருகுகிறது.

மே 5 நள்ளிரவில் ஷாக்கல்டன் வானத்தில் ஒரு வெண்கோட்டைக் கண்டு, வானம் வெளுக்கிறது என்று மகிழ்ந்தார். மறுநொடியே அது மாபெரும் அலையின் நுரைமுகடு என்று உணர்ந்தார். அலை படகைத் தூக்கி எறிந்தது. பாதியளவு நீர் நிரம்பியது. கையில் அகப்பட்ட கலங்களால் எல்லாம் அறுவரும் நீரை இறைத்துப் படகை மீட்டனர். தென் ஜார்ஜியாவை நெருங்கியபோது கடும்புயல் அவர்களைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. அதே புயலில் 500 டன் நீராவிக் கப்பலொன்று ஆட்களோடு மூழ்கியதைப் பின்னர் அறிந்ததாக வொர்ஸ்லி எழுதியுள்ளார். இச்சிறு படகோ மே 10 அன்று கரை சேர்ந்தது.

பின்னர் ஷாக்கல்டன் இருவருடன் மலைகளைக் கடந்து திமிங்கில வேட்டையாளர் குடியிருப்பை அடைந்தார். மூன்று முறை முயன்றும் பனி வழிவிடவில்லை. நான்காம் முறை, சிலி நாட்டின் ‘யெல்சோ’ என்னும் கப்பல் ஆகஸ்டு 30 அன்று எலிபண்டுத் தீவை அடைந்தது. காத்திருந்த 22 பேரும் உயிரோடு மீண்டனர்.

இவ்வரலாற்றில் என்னைக் கவர்வது ஒரு பெருஞ்செயல் அன்று. நாள்தோறும் தவறாது செய்யப்பட்ட சிறு செயல்கள். நீரை இறைத்தல், பனியை வெட்டுதல், சுக்கானை நேரே பிடித்தல் ஆகிய இவற்றுள் எதுவும் அரியதன்று. அவற்றுள் ஒன்றை ஒரு நாள் விட்டிருப்பினும் அப்படகு இல்லை. ஷாக்கல்டன் பயின்ற லண்டன் டல்விச் கல்லூரியில் அப்படகு இன்றும் காக்கப்படுகிறது. 28 உயிர்களின் நம்பிக்கையைச் சுமந்தது இத்துணைச் சிறு மரக்கலம்தான்.