மலை சுற்றும் பாதைக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவனுக்கு ஆலோசனை கூற நமது நாட்டில் ஆட்களுக்கு ஒருபோதும் பஞ்சம் ஏற்பட்டதில்லை. அரிசிக்குப் பஞ்சம் வந்ததுண்டு; சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வந்ததுண்டு; ஆலோசனைக்கு மட்டும் வந்ததில்லை. "எத்தனை சி.சி.? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? திரும்ப விற்றால் என்ன விலை போகும்?" என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்திருப்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். "நீர் எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்?" என்ற நாலாவது கேள்வியைக் கேட்பவர்தாம் அகப்படுவதில்லை.

நமக்கோ அந்த நாலாவது கேள்விதான் முதலில் வந்து நின்றது. பதினெட்டு ஆண்டுகள் சென்னையில் மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் தொங்கிக் காலந் தள்ளிய பிறகு, அடி அண்ணாமலையில் வந்து குடியேறியிருக்கிறோம். தினந்தோறும் திருவண்ணாமலை நகரத்துக்குள் அலுவலுக்குப் போய் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நாலு ஊர் பார்த்து வரவேண்டுமென்ற ஆசையும் உண்டு. வாலிபத்தில் ஓட்டிப் பழகி, நடு வயதில் கைவிட்டு, ஐம்பதைத் தாண்டியபின் மறுபடியும் வண்டி தேடும் குடும்பஸ்தர்கள் நம்மைப்போல் அநேகர் இருப்பார்கள். அவர்களுக்கு உபயோகப்படக்கூடும் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

அடி அண்ணாமலை, மலைக்கு அப்பால் மேற்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். ஆதி அருணாசலேசுவரர் ஆலயம் இங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இவ்வூரில் என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. அவருக்கென்று தனிக் கோயிலும் உண்டு. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைதான் எங்கள் ஊருக்கு ராஜபாட்டை. பால்காரர் வருவதும் அதன் வழியே. பரதேசி வருவதும் அதன் வழியே. நாம் அலுவலுக்குப் போவதும் அதன் வழியே.

இந்தப் பாதைக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. மலையோரத்துப் பக்கத்தில் தேவர்களும் சித்தர்களும் வலம் வருவதாக ஐதீகம். ஆகவே மனிதர்கள் இடப்பக்கமாகவே நடக்கவேண்டும். நிறைமாத கர்ப்பிணியான ஓர் அரசி நடப்பதுபோல் அத்தனை நிதானமாக நடக்க வேண்டும் என்றும் பெரியோர்கள் சொல்வார்கள். நமது தேசத்துச் சாலை விதியோ வண்டிகளும் இடப்பக்கமாகவே செல்லவேண்டும் என்கிறது. இதன் பலன் என்னவென்று நேயர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மாலையில் நகரத்திலிருந்து செங்கம் சாலை வழியாக வீடு திரும்பும்போது, நாம் செல்லும் திசையும் பக்தர்கள் செல்லும் திசையும் ஒன்றே; பக்கமும் ஒன்றே. வெறுங்காலுடன், மலைமேல் கண்ணும் நாமத்தில் மனமுமாக அவர்கள் நடக்கிறார்கள். அவர்களுடைய முதுகுதான் நமக்குத் தெரிகிறது. நமது வண்டி அவர்களுக்குத் தெரிவதில்லை. நடைபாதை போட்டிருக்கும் இடங்களிலும் பலர் சாலையிலேதான் நடக்கிறார்கள். அவர்களில் பாட்டிமார்கள் உண்டு. தூக்கக் கலக்கத்தில் தாயின் விரலைப் பிடித்து வரும் குழந்தைகளும் உண்டு.

ஆக, நமக்கு வேண்டிய வண்டியின் முதல் லட்சணம் தீர்மானமாகிவிட்டது. விரைவாகப் போவதைவிட மெதுவாகப் போகவும், நினைத்த இடத்தில் நிற்கவும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஆசை அவ்வளவு எளிதில் அறிவின் பேச்சைக் கேட்குமா? நாம் வண்டி ஓட்டக் கற்றது தகப்பனாரின் புல்லட்டில். அந்த 'டுப், டுப்' ஓசை காதில் விழுந்தால் இன்றைக்கும் தலை தானாகத் திரும்புகிறது. அந்த வண்டிக்குத் தமிழ்நாட்டோடு உள்ள சொந்தமும் லேசானதல்ல. ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த பெயர். 1955ல் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ், அந்தக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தோற்றுவித்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களைக் கப்பலில் வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றார்கள். 1967ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்துக் கம்பெனியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. தாய் மறைந்த பிறகும் திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1977ல் அந்தப் புல்லட்டையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யவும் தொடங்கியது. 1994ல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2013ல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது. 2017ல் இங்கிலாந்திலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்துக்கொண்டது. நம்மை ஆண்டவர்கள் கைவிட்ட தொழிலை நமது தொழிலாளர் காப்பாற்றி அவர்களுக்கே திருப்பிக் காட்டினார்கள் என்பதை நினைக்கும்போது தோள் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

தோள் நிமிர்வது வேறு. அந்தத் தோளால் வண்டியைத் தள்ளுவது வேறு. இன்றைய 350 சி.சி. புல்லட்டின் எடை 195 கிலோ. அடி அண்ணாமலையில் நமது பழைய நண்பரான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் யோசனை கேட்டபோது, "ஐயா, ஓடுறப்ப எல்லா வண்டியும் லேசுதாங்க. நின்னாத்தான் கனம் தெரியும்" என்றார். எத்தனை பெரிய உண்மை! நெடுஞ்சாலையில் செல்பவனுக்கு அந்தக் கனமே அனுகூலம். காற்றிலும் லாரி வீச்சிலும் வண்டி அசையாது. நமக்கோ நூறு கெஜத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டும், கால் ஊன்ற வேண்டும், ஒதுங்க வேண்டும். சரளைக் கல்லில் கால் வழுக்கினால் 195 கிலோவையும் பின்னால் இருப்பவரையும் ஒற்றைக் காலில் தாங்க வேண்டும். முப்பது வயதில் முழங்கால் இதற்குச் சம்மதித்தது. இப்போது ஆட்சேபம் தெரிவிக்கிறது.

கனத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்றை அந்த மெக்கானிக் ஞாபகப்படுத்தினார். பழைய புல்லட்டுகளில் கியர் வலது காலில். பின் பிரேக் இடது காலில். அது பிரிட்டிஷ் வழக்கம். மற்ற வண்டிகளிலும், பிற்காலத்துப் புல்லட்டுகளிலும் இது நேர் எதிர்: கியர் இடது காலில், பிரேக் வலது காலில். பழைய முறையில் பழகிய கால், அவசரத்தில் எஜமானனைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யாது. குழந்தை குறுக்கே வந்தால், பிரேக் இருக்குமென்று எண்ணி இடது கால் கியரை மிதிக்கும். வலது கால் சும்மா இருக்கும். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிவதற்குப் பல வாரங்கள் ஆகும். "பழைய வண்டியையே தேடிப் பிடித்து வாங்கினால் என்ன?" என்று கேட்பவர் கேட்கலாம். டிரம் பிரேக்கும் கார்புரேட்டருமாய் இருக்கும் அந்த வண்டிகளை அபிமானத்துடன் வைத்துப் பேணலாம். ஜனக் கூட்டத்தினூடே தினசரி ஓட்ட நமக்குத் தைரியமில்லை. எத்தனால் 20 சதவிகிதம் கலந்த இன்றைய பெட்ரோலை மனத்தில் வைத்து அவற்றின் ரப்பர்ப் பாகங்களைச் செய்யவும் இல்லை.

பெங்களூரிலிருந்து புதல்வி தொலைபேசியில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தாள்: "அப்பா, பேசாம ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க. கியரும் வேண்டாம், குழப்பமும் வேண்டாம்." இது புத்திசாலித்தனமான யோசனைதான். ஆறு நாளுக்கு அது போதும். ஏழாவது நாள்தான் இடிக்கிறது. ஸ்கூட்டரின் சிறு சக்கரம் சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறும். மோட்டார் சைக்கிளின் பெரிய சக்கரம் அதே பள்ளத்தைத் தாண்டிவிடும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும்போது சிறிய கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். தானியங்கி ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும்.

ஏழாவது நாளைப் பற்றியும் கணக்குப் பார்ப்போம். 1958ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை, போக வர எழுபது கிலோமீட்டருக்குள் அடங்கும். 2025ல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டைக்கு, போகும் தூரம் சுமார் நாற்பது. இவற்றுக்கெல்லாம் 350 சி.சி. அவசியமா? இந்தச் சாலைகளில் நாம் ஒருபோதும் மணிக்கு அறுபதுக்கு மேல் போகப் போவதில்லை. மலை ஏற்றத்தில் இருவரைச் சுமந்து செல்லும் சக்தி வேண்டும், அவ்வளவே. 125 சி.சி. வண்டி அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கும், 160 சி.சி. வாங்காது.

அடுத்தபடி பிரேக். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. அபாயத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்த ஒரு விநாடி போய்விடும். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கமாகப் பெருகும்: 40ல் ஓடுவதைப்போல் 60ல் இரண்டேகால் மடங்கு. பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. ஆனால் பயத்தில் அதை இறுக்கினால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கவிழும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் சாதனத்தை 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் சட்டம் கட்டாயமாக்கியது. அதற்குட்பட்டவற்றுக்கு முன் பின் பிரேக்குகளைச் சேர்த்து இயக்கும் ஏற்பாடு போதும் என்று விட்டது. பழக்கம் விட்டுப்போன கைக்கு இந்த வித்தியாசம் சிறிதல்ல.

கடைசி வார்த்தை இல்லாளுடையது. கடைக்கு வந்தவர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒரு வண்டியில், "என்னங்க, இதுல நான் உக்காரலை, தொத்திக்கிட்டிருக்கேன்" என்றார். இன்னொன்றில் பிடித்துக்கொள்ளக் கம்பி சரியில்லை. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், துணி சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பும் இருக்கவேண்டுமென்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. அவை பெயரளவில் இருக்கின்றனவா, உண்மையில் உதவுகின்றனவா என்பதைப் புடவை கட்டியவர் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். வண்டி வாங்கும் நேயர்கள் இந்தப் பரீட்சையைத் தவறாமல் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்ததில், சுமார் 140 கிலோ எடையுள்ள 160 சி.சி. வண்டி ஒன்று தேறியது. பெயரைச் சொல்லி விளம்பரம் செய்வது நமது நோக்கமன்று, 1980ல் 'டி.வி.எஸ். 50' புறப்பட்ட அதே ஓசூரிலிருந்துதான் வருகிறது என்ற மட்டில் நிறுத்திக்கொள்கிறோம். சுதேசிப் பெருமையில் திருவொற்றியூருக்கு ஓசூர் இளைத்ததல்ல. புல்லட்டின்மேல் உள்ள பிரியம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அதன் ஓசை தெருவில் கேட்டால் இனியும் தலை திரும்பும். ஆனால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தன் பிரியம் மட்டும் கணக்காகாது.

வண்டி வருவதற்குள் செய்யவேண்டியவை இரண்டு இருந்தன. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால், புதுப்பிக்க மறுபடியும் பரீட்சை கொடுக்கவேண்டும் என்பது சட்டம். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இளைஞர்களுடன் வரிசையில் நின்று எட்டுப் போட்டுக் காட்டுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. எனினும், வலது காலுக்கு அதன் புதிய உத்தியோகத்தைக் கற்பிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அடுத்தது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் இரண்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று. கொண்டை தடுக்கிறதென்ற ஆட்சேபம் எழுந்து, கொண்டை தாழ்ந்து, ஆட்சேபமும் தீர்ந்தது.

பௌர்ணமி தினங்களில் வண்டி வீட்டிலேயே இருப்பதென்றும் தீர்மானித்திருக்கிறோம். அன்றைக்கு லட்சக் கணக்கானவர்கள் இந்தப் பாதையில் நடப்பார்கள். நாமும் இடப்பக்கமாக, அரசியின் நடையில் நடப்போம். முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பது எப்படி இருக்கிறதென்று மாதத்துக்கு ஒருமுறை தெரிந்துகொள்வது, பாக்கி நாட்களில் ஹார்ன் பொத்தானை நோக்கிப் போகும் கட்டை விரலைக் கொஞ்சம் தடுத்து வைக்கும் அல்லவா?