முற்றத்துப் பள்ளிக்கூடம்
(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

"அங்கன்வாடியா? அது சோறு போடுகிற இடந்தானே!" என்பது எங்கள் திருமுக்கூடல் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு. யாரும் ஏளனமாகச் சொல்வதில்லை; உள்ளதைச் சொல்வதாகவே எண்ணிச் சொல்கிறார்கள். சோறு போடுவது உண்மைதான். ஆனால் சோற்றுக்கு முன்னும் பின்னும் அந்த ஒற்றை அறையில் நடப்பதைக் கவனித்தவர்கள் சிலரே. கல்லூரி விடுமுறை நாட்களில் அங்கு சென்று அமர்வது என் வழக்கம். கண்டதைக் கொண்டு சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சோற்றைப் பற்றியே பேசுவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் எங்கள் ஊரில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரிலுள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை வரலாற்று மாணவர்கள் அறிவர். கோயிலை ஒட்டி ஒரு கல்விச்சாலை, மாணவர் தங்கும் விடுதி, 'வீரசோழன்' என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஆகியவை நடந்ததை அது கூறுகிறது. மாணவர்க்கு உணவுடன் சனிக்கிழமை எண்ணெய் நீராட்டுக்கு எண்ணெயும் தந்தார்கள். ஆக, வயிற்றையும் உடம்பையும் கவனித்த பின்பே பாடம் என்ற எண்ணம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. ஆனால் அந்தச் சாலை வேதம் ஓதுவோருக்கு மட்டும் கதவு திறந்தது. இன்று நடவு நடும் தாயின் பிள்ளைக்கும், கல் குவாரிக்குச் செல்லும் தாயின் பிள்ளைக்கும் ஒரே பாயில் இடம் தருவது அங்கன்வாடியே. கல்வெட்டில் ஏறாத இந்தப் பெருமை சிறியதா என்ன?

'அங்கன்' என்றால் முற்றம். 1945இல் மராட்டியத்தின் போர்டி என்னும் சிற்றூரில் தாராபாய் மோடக் அம்மையார் பாலர் கல்வி நிலையம் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்கள் வாழுமிடத்து முற்றத்துக்குச் செல்லட்டும் என்பது அவர் கொள்கை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1939இல், மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயதுப் பிள்ளைகளிலிருந்தே கணக்கெடுத்தது. இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன.

அங்கே என்ன படிப்பு? ஒரு காலை வேளையைக் கூறுகிறேன். டீச்சர் ஒரு முறத்தில் புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் கலந்து கொட்டுகிறார். பிள்ளைகள் பிரித்து வைக்கிறார்கள். "இது ஏன் அங்க போகல?" என்று கேட்கிறார். "அது குட்டி, இது பெரிசு" என்கிறது ஒரு வாண்டு. பார்ப்பவர்க்கு இது விளையாட்டு. ஆனால் வேறுபாடு காண்பதும், இனம் பிரிப்பதும், காரணம் சொல்வதும் கணிதத்தின் அடிப்படை அல்லவா? களிமண்ணை உருட்டும் விரல்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கப் போகிறது. கதை கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று வினவும் குழந்தை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதை மனத்தில் கோக்கப் பழகுகிறது. இருக்கிற ஒரே பந்துக்குத் தன் முறை வரும்வரை காத்திருப்பது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். அரசு வகுத்துள்ள பாலர் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பதாகும்.

மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் நடந்து முடிகிறது என்பது அறிவியல் கண்ட உண்மை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரில் 1962இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரில் 58 பேருக்கு மட்டும் நல்ல பாலர் கல்வி தந்து, இரு சாராரையும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். பாலர் கல்வி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர் அதிகம். நல்ல வருவாய் ஈட்டியவரும் அதிகம். அங்கும் அது விளையாட்டோடு கூடிய கல்வியே, மனப்பாடம் அன்று.

இதன் பயன் குழந்தையோடு நிற்பதுமில்லை. என் தம்பி பிறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போக வேண்டும். "பெரியவள் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் பாட்டி. எங்கள் தெருவில் அப்படி நின்றுபோன அக்காமார்கள் உண்டு. தம்பிக்கு இரண்டு வயதானதும் டீச்சர் வீடு தேடி வந்து, "எங்கிட்ட விடுங்கம்மா, பெரிய பொண்ண ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்றார். அதுவரை பாட்டி எப்படியோ சமாளித்தார். அவனுக்கு அது முதல் பள்ளி. எனக்கோ, என் பள்ளி கையைவிட்டுப் போகாமல் காத்த பள்ளி. இந்தக் கட்டுரையைக் கல்லூரி மலருக்கு எழுதும் வாய்ப்பு அந்த ஓட்டுக் கட்டடத்திலிருந்து வந்தது என்றால் மிகையாகாது.

இன்று ஊருக்குள் காலையில் மஞ்சள் வேன்கள் வருகின்றன. மூன்று வயதுப் பிள்ளை கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு ஏறுகிறது. "அங்க போனா எழுதுது டீச்சர், இங்க விளையாடுதே" என்கிறார் ஒரு தாய். கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டும் அந்தத் தாயைக் குறை கூற இயலாது. பிள்ளை நன்றாக வரவேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் விரலுக்கு வலு வருமுன் எழுத்தையும், தாய்மொழியில் பேச்சு நிரம்புமுன் வேற்றுமொழியையும் திணித்தால் பயிர் முளைக்குமுன் அறுவடைக்கு அரிவாள் தீட்டிய கதையாகிவிடும். 2019இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. அங்கன்வாடியும் பள்ளியே என்பதற்கு அது ஓர் ஒப்புதல். எனினும் எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது என ஒரே டீச்சரின் பொழுது கரைகிறது. கதை சொல்ல நேரம் குறைகிறது. குறையும் அந்த நேரமே குழந்தைகளின் இழப்பு.

நாம் என்ன செய்யலாம்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது சாலையைச் செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவற்றோடு ஒரு காலைப்பொழுதை அவ்வூர் அங்கன்வாடிக்கும் தருவோம். தமிழ்த்துறை மாணவர் கதை சொல்லட்டும். கணிதத் துறையார் கொட்டைகளை எண்ண வைக்கட்டும். பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோரிடம், இங்கே நடப்பது விளையாட்டு மட்டுமன்று என்று எடுத்துரைப்போம். கல்லூரி மாணவர் பாயில் அமர்ந்து பாடுவதைக் கண்டால் ஊராரும் அந்த அறையைச் சற்று மதிப்போடு பார்ப்பர். சோறு போடுகிற இடம் என்ற பெயர் இருக்கட்டும். அது நல்ல பெயரே. அதனுடன் 'எங்கள் ஊரின் முதல் பள்ளிக்கூடம்' என்ற பெயரும் சேரட்டும்.