லிங்கன் வீட்டு மூலப்பத்திரம்

'மனை வாங்கப் போறேன்' என்று யார் வந்து சொன்னாலும், வாழ்த்துவதற்கு முன்னால் ஒரு தச்சரின் கதையைச் சொல்வது என் வழக்கம். பி.காம். படித்தவனுக்குக் கதையிலும் பற்று-வரவுதான் முதலில் கண்ணில் படும். தச்சர் பெயர் தாமஸ் லிங்கன். ஆமாம் சார், அந்த ஆபிரகாம் லிங்கனின் அப்பாதான்!

ஓரிடத்தில் கால் தரிக்காத குடும்பம் அது. 1637-ல் சாமுவேல் லிங்கன் என்கிற இளைஞர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸில் இறங்கினார். வாரிசுகள் நியூஜெர்ஸி, பென்சில்வேனியா, வர்ஜீனியா என்று நகர்ந்துகொண்டே இருந்தார்கள். 1780-களில் கென்டக்கிக்கு மூட்டை கட்டியவர் தாமஸின் அப்பா. அவர் பெயரும் ஆபிரகாம்தான். 5,000 ஏக்கருக்கு மேல் வளைத்துப் போட்டார். கிட்டத்தட்ட ஜமீன்!

1786-ல் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவரைப் பூர்வகுடிகள் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்தில் எட்டு வயசு தாமஸ். அண்ணன் மார்டெகாய் துப்பாக்கி எடுத்ததால் பையன் பிழைத்தான். உயிர் தப்பியது, சொத்து தப்பவில்லை. அப்போது கென்டக்கி, வர்ஜீனியாவின் ஒரு பகுதி. அங்கே உயில் எழுதாமல் செத்தால் நிலமெல்லாம் மூத்த மகனுக்கு. அதை மாற்றும் சட்டம் ஏற்கெனவே பாஸாகியிருந்தது. அமலுக்கு வந்ததோ 1787 ஜனவரி 1-ந்தேதி. சில மாதத்தில் போச்சு!

தாமஸ் கூலி வேலை பார்த்தார், தச்சு வேலை கற்றுக்கொண்டார், சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1803-ல் 238 ஏக்கர் வாங்கினார். விற்கும்போது 200-தான் தேறியது. 1808-ல் சுமார் 300 ஏக்கர், 200 டாலர் ரொக்கம். மகன் ஆபிரகாம் பிறந்தது அந்த மண்ணில்தான். பழைய பாக்கி ஒன்று வில்லங்கமாக முளைத்து, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 1811-ல் நாப் க்ரீக் என்ற இடத்தில் 30 ஏக்கர். 'இது எங்க 10,000 ஏக்கரில் ஒரு துண்டு, காலி பண்ணு' என்று 1815-ல் யாரோ வாரிசுகள் கேஸ் போட்டார்கள்.

ஒரே மனுஷனுக்கு மூன்று தடவையா? கென்டக்கியில் அது அதிசயமே இல்லை. சர்க்கார் முதலில் அளந்து கொடுக்கவில்லை. அவனவன் ஆள் வைத்து அளந்துகொண்டான். எல்லை என்றால் ஒரு ஓக் மரம், ஒரு ஓடை வளைவு. மரம் விழும், ஓடை திசை மாறும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு பத்திரத்தின்மேல் இன்னொரு பத்திரம் ஏறி உட்கார்ந்தது. கென்டக்கிக்கு வழி திறந்த டேனியல் பூன்கூட நிலத்தை இழந்துவிட்டு வெளியேறியவர்தான்.

1816-ல் தாமஸ் ஒஹையோ ஆற்றைத் தாண்டி இண்டியானா போனார். அங்கே சர்க்காரே சதுரம் சதுரமாக அளந்து விற்றது. ஊர் மாறியதற்கு அடிமை முறையும் ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் பத்திரத் தகராறுதான் என்று பின்னாளில் மகனே எழுதிவைத்தார்.

அந்த மகன் 1833-ல் செய்த உத்தியோகம் என்ன தெரியுமா? துணை சர்வேயர்! சங்கிலியும் திசைகாட்டியுமாக அடுத்தவன் எல்லையை அளந்தார். அப்புறம் வக்கீல். அப்புறம் ஜனாதிபதி. 1862 மே மாதம் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கே, சிறு கட்டணம் போதும். அப்பாவுக்குக் கிடைக்காதது ஊருக்கெல்லாம் கிடைத்தது.

இங்கே கைதட்டிவிட்டுப் பேரேட்டை மூடிவிடலாம். ஆனால் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறதே! அந்த 160 ஏக்கர்கள் யார் கணக்கில் பற்று? பூர்வகுடிகள் கணக்கில். மினசோட்டாவின் டகோட்டா மக்கள் 1851-ல் முறையாக ஒப்பந்தம் போட்டுத்தான் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். 1862-ல் வரவேண்டிய பணம் வரவில்லை, பசி, சண்டை மூண்டது. முடிவில் 303 பேருக்கு மரண தண்டனை. லிங்கன் ஒவ்வொரு வழக்காகப் பார்த்து பெரும்பாலோரின் மரண தண்டனையை நிறுத்திவைத்தார். மீதி 38 பேர் டிசம்பர் 26-ந்தேதி ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

தாமஸிடம் இருந்தது ஓட்டைப் பத்திரம். டகோட்டாக்களிடம் இருந்தது சரியான பத்திரம். பத்திரத்தை மதிக்க எதிராளிக்கும் மனசு வேண்டியிருக்கிறது, சார். அதற்கு எந்த ரிஜிஸ்டர் ஆபீஸிலும் நகல் கிடைக்காது.